ஆணியில் தொங்கும் ஆமை

ஜனவரி 18

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. நீயும் உன் வயிற்றில் இருப்பவரும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

திட்டுவதானால் இந்த இடத்திலேயே திட்டிவிட்டு மேலே படி. ஓய்வுபெற்ற ஆசிரியைகளோடு சுற்றுலா போகிறேன் என்று நான் சொன்னது பொய். தனியாகத்தான் வந்திருக்கிறேன். அலைச்சறுக்குப் பலகையோடு கடலில் விழுந்து எழுவதற்கென்றே இளசுகள் வந்து குவியும் சின்னக் கடற்கரை ஊர் இது. இருப்பது ஒரே தெரு. அதில் பலகை வாடகைக் கடைகள், சோற்றுக்கடை, துணி உலர்த்தும் கொடிகள், கடைசியில் நான் தங்கியிருக்கும் விடுதி. ஓர் அறை முழுக்க அடுக்குக் கட்டில்கள். எனக்கு மேல்கட்டில். முதல் நாள் நான் ஏறும்போது கீழே நின்ற நெட்டைப் பெண், "டீச்சர், பிடிச்சுக்கட்டுமா?" என்றாள். "ஏறும்போது வேணாம்மா, விழுந்தா பிடிச்சுக்கோ" என்றேன். அன்றிலிருந்து ஊர் முழுக்க நான் டீச்சர்தான்.

எனக்குக் கீழே உள்ள கட்டில் காலி. கேட்டால் கொடுப்பதில்லையாம். சரி என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வாசல் பக்கம் ஒரு பலகையில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு மரவில்லை. கட்டிலுக்கு ஒன்று என்று கணக்கு. எண் போட்டால் மறந்துபோகும் என்று நண்டு, கொக்கு, சங்கு என்று படம் சுட்டு வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர் தன் வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கரையேறியதும் ஆணியில் திரும்ப மாட்ட வேண்டும். நம் வருகைப் பதிவேடு மாதிரிதான். என் வில்லை நண்டு. அதற்கு அடுத்தது ஆமை. அதை யாரும் எடுப்பதில்லை.

போனில் கூப்பிடாதே. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால்தான் பேச முடியும். அந்த வயது எனக்குத் தாண்டிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

ஜனவரி 27

அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். மூன்றாமவர் இரவெல்லாம் உதைக்கிறார். நான் தூங்கி வெகுநாளாகிறது.

திட்டச் சொன்ன இடத்தில் திட்டி முடித்துவிட்டேன். இவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரை?" என்றார். "உங்க மாமியாரை" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்.

ஊர்ப்பெயர் எழுதாவிட்டால் எனக்குத் தெரியாதா? உறையின்மேல் தபால் முத்திரை இருக்கிறது. தம்பி கடைசியாகத் தங்கிய ஊர். அவனுடைய முதுகுப்பையும் பரண்மேல் காணவில்லை. உன் வயதில் அவ்வளவு பெரிய பையை எப்படித் தூக்கிக்கொண்டு போனாய்?

வீடு நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. பெருக்க வருகிற அக்கா வாசலில் கிடக்கும் அவன் செருப்பை நகர்த்தப் போனாள். இவர் ஓடிப்போய்த் தடுத்தார். உன் உத்தரவாயிற்றே.

டாக்டர் மே மாதக் கடைசி என்கிறார். அதற்குள் நீ வந்துவிடுவாய் அல்லவா? என் மாமியாருக்கு இடுப்பு சரியில்லை. எனக்கு நீதான் வேண்டும். சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன்.

முழங்காலுக்குத் தைலம் உன் புடவை மடிப்புக்குள் வைத்திருந்தேன், சுற்றுலாவுக்கென்று. தேய்த்துக்கொள்.

உன் மகள்

பிப்ரவரி 6

அன்புள்ள மகளுக்கு,

தைலம் கிடைத்தது. நெட்டைக்கும் கொஞ்சம் போனது. அவள் முதுகும் என் முழங்காலும் ஒரே வயது. உன் தூக்கம் எப்படி? இடது பக்கமாகப் படுத்துப் பார்.

நீயே பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். போன ஜூனில் அவன் பலகை மட்டும் கரை ஒதுங்கியது, கணுக்கால் கயிறு அறுந்து. அதை எல்லோரும் சொன்னார்கள். இன்னொன்றை விடுதி நடத்தும் அம்மா மட்டும்தான் சொன்னாள், அதுவும் பாதியாக. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன்.

பொழுது சாயும்போது விடுதிக்காரம்மா ஆணிப்பலகை முன்னால் வந்து நிற்பாள். ஏதாவது ஓர் ஆணி காலியாக இருந்தால் மணி அடிப்பாள். மணிச்சத்தம் கேட்டால் தெருவில் ஒருவரும் கடையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எல்லோரும் விளக்கோடு கரைக்கு ஓடுவார்கள். அன்றைக்கு அவள் மணி அடிக்கவில்லை. ஏன் தெரியுமா? எல்லா வில்லைகளும் இருந்தன. ஆமையும் இருந்தது. ஆமை அவனுடைய வில்லை. எனக்குக் கீழே காலியாகக் கிடப்பது அவன் கட்டில். மறுநாள் மத்தியானம் அவனுக்கு எடுத்து வைத்த சோறு அப்படியே இருந்ததைப் பார்த்துத்தான் தேடவே ஆரம்பித்தார்களாம்.

வில்லை ஆணியில் இருக்கிறது என்றால் ஆள் கரையேறிவிட்டான் என்றுதானே பொருள்? வகுப்பில் ஒரு பையன் உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டு, பிறகு காணாமல் போகிறான் என்று வைத்துக்கொள். அவனைப் பள்ளிக்கு வரவே இல்லை என்று எழுத முடியுமா? வந்தான், பிறகு எங்கேயோ போனான் என்றுதான் எழுத வேண்டும். வில்லையை மாட்டிவிட்டு எங்கேயோ போயிருக்கிறான். மனசு சரியில்லாமல் இருந்திருக்கலாம். போனவன் திரும்புவதானால் முதலில் இங்கேதான் வருவான்.

இன்னொரு விஷயம். காலையில் பின்கதவிலிருந்து அந்தக் கீழ்க்கட்டில் வரைக்கும் ஈரக்காலடி இருக்கிறது. விடுதிக்காரம்மா துணி போட்டுத் துடைத்துவிட்டுப் போகிறாள்.

அதனால் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன். மே மாதம் தூரத்தில்தானே இருக்கிறது?

அன்புடன்,
அம்மா

பிப்ரவரி 15

அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இடது பக்கம் படுத்தால் இடது பக்கம் உதைக்கிறார்.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "ஈரக்காலோட யாராவது பாத்ரூம் போயிருப்பாங்க, அத்தனை பேர் இருக்கற அறைல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

வில்லையைப் பற்றி நீ எழுதியதை நான் பலமுறை படித்தேன். அம்மா, வில்லை ஆணியில் இருந்தால் ஆள் கரையேறிவிட்டான் என்றுதான் பொருள் என்கிறாய். ஒன்று சொல்ல வேண்டும். இல்லை, வேண்டாம். நேரில் பேசலாம். கடிதத்தில் வராது.

தொட்டில் வாங்கலாமா, நம் பழையதே போதுமா? கால் ஒன்று ஆடுகிறது. அதை நீதான் ஏதோ செய்து ஆடாமல் வைத்திருந்தாய்.

சீக்கிரம் வா.

உன் மகள்

பிப்ரவரி 26

அன்புள்ள மகளுக்கு,

சுகம்தானே? தொட்டில் காலுக்கு அடியில் நான்காக மடித்த அட்டை வைக்க வேண்டும். பழையதே போதும். நீங்கள் இரண்டு பேரும் அதில் கிடந்தவர்கள்தான்.

சொல்ல வந்து நிறுத்தியிருக்கிறாய். பரவாயில்லை. கேள்விக்கு விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை எழுப்பி நிறுத்தக் கூடாது. தானாக வரும்.

நான் பலகைமேல் படுக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. உடைந்த பலகைகளுக்குப் பிசின் பூசித் தேய்த்துச் சரிசெய்கிற ஒருவர் இங்கே இருக்கிறார். பலகைக்காரர் என்பார்கள். அவர்தான் முழங்கால் தண்ணீரில் பிடித்துக்கொண்டார். "டீச்சர், எந்திரிக்க வேணாம், சும்மா படுங்க. அலை தானா கொண்டுவந்து விடும்" என்றார். கொண்டுவந்து விட்டது. மணலில் மூக்கு தேய்ந்தது. கரையில் நெட்டையும் அவள் கூட்டாளிகளும் கைதட்டினார்கள். எத்தனை ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குக் கைதட்டியிருப்பேன், எனக்குத் தட்டியது இதுதான் முதல் தடவை.

படுத்திருக்கும்போது காது தண்ணீருக்குள் இருக்கும். உள்ளே ஒரு சத்தம் கேட்கிறது. யாரோ தொலைவில் பாத்திரம் கழுவுகிற மாதிரி. அவனும் அதைக் கேட்டிருப்பான்.

விடியலுக்குச் சற்று முன்னால் பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. மெதுவாக, யாரையும் எழுப்பக் கூடாது என்று ஒருவர் தூக்கிப் போடுகிற மாதிரி. பிறகு கீழ்க்கட்டில் ஒருமுறை கிறீச்சிடும். நான் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். காலையில் விரிப்பில் கொஞ்சம் மணல் இருக்கிறது. கடற்கரை ஊரில் எங்கேதான் மணல் இல்லை என்று மாப்பிள்ளை சொல்வார். சொல்லட்டும்.

ஆமை வில்லையில் உப்பு பூத்துவிடுகிறது. தினமும் துடைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

மார்ச் 19

அம்மாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பயப்படாதே. இரத்த அழுத்தம் கூடிவிட்டது. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். இவர் எனக்கும் சேர்த்து நடக்கிறார். தூக்கம்தான் சுத்தமாக இல்லை. அழுத்தம் குறைய வேண்டுமானால் தூங்க வேண்டும் என்கிறார் டாக்டர். கடையில் வாங்குகிற சாமான் மாதிரி சொல்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். நம் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாளும் அப்படித்தான் சத்தம் போடும், எவ்வளவு மெதுவாகப் போட்டாலும். அதை நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

பதில் எழுது.

உன் மகள்

மார்ச் 24

டீச்சரோட பொண்ணுக்கு, விடுதி நடத்துற அம்மா எழுதறது. நான் சொல்லச் சொல்ல இந்த நெட்டைப் பொண்ணு எழுதுது. தப்பிருந்தா அவளோடது.

நீ படுத்த படுக்கையா இருக்கேன்னு உங்கம்மா சொன்னாங்க. உடம்ப பாத்துக்கோ கண்ணு. உங்கம்மா இங்க ராணி மாதிரி இருக்காங்க. பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தராங்க, என் வரவு செலவுச் சிட்டைய பாத்து "இந்தக் கூட்டல யார் போட்டது, கழுதையா?"ன்னு கேக்கறாங்க. எனக்கு அவங்க இருக்கறது சந்தோஷந்தான். ஆனா கூட்டிட்டுப் போயிடு.

உன் தம்பிய பத்தி ஒண்ணு சொல்லணும். அவன் வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே கடலுக்குப் போவான். நான் சத்தம் போடுவேன். இருட்டுல போனா எனக்குப் பொட்டுத் தூக்கம் வராதுடா, காலி ஆணியப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்னு சொல்லுவேன். "இனிமே நிம்மதியா தூங்குங்கம்மா"ன்னு சிரிச்சான். அப்பறம் நான் எப்ப எந்திரிச்சுப் பாத்தாலும் ஆமை ஆணியில இருக்கும். நல்ல புள்ளையாயிட்டான்னு நெனச்சேன்.

இத நான் உங்கம்மாகிட்ட சொல்லல. சொல்ல வாய் வரல. அவங்க அந்த வில்லையத் துடைக்கும்போது நான் அந்தப் பக்கமே போறதில்ல.

அந்தக் கட்டிலுக்கு நான் ஏன் ஆள் விடறதில்லன்னு கேக்காத. காலையில ஈரத்த துடைக்கறது நான்தான்.

நல்லபடியா பெத்து எடு.

ஏப்ரல் 2

அம்மாவுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. இன்னும் படுக்கையில்தான். இவர் நலம்.

விடுதிக்காரம்மா கடிதம் போட்டிருந்தார். நல்ல மனுஷி. கூட்டல் மட்டும் கழுதை போட்டதாமே.

என் கேள்விக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. தபால் தவறிவிட்டதா, நீ எழுதவில்லையா? எழுதவில்லை என்றால் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

வா அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மகள்

ஏப்ரல் 12, காலை

என் கண்ணுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. தபால் தவறவில்லை. நான்தான் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன்.

வாசலில் செருப்பு கிடந்தால் பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறான் என்று அம்மா நம்பிப் படுத்துவிடுவாள் என்பது அவன் ஏற்பாடு. செருப்பை முன்வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு பின்கதவு வழியாகப் போவான். நீ உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாய், அவன் வரும்போது திறந்துவிடுவாய். என் தூக்கம் கெடக் கூடாது என்று இரண்டு பேரும் எவ்வளவு பாடுபட்டீர்கள். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பேன். செருப்பைப் பார்த்து எந்த அம்மா தூங்குவாள்? விடியலில் மறுபடி தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். சரி, வந்துவிட்டான் என்று அப்போதுதான் திரும்பிப் படுத்துத் தூங்குவேன். கேட்டால் அவன் வேறு வழி கண்டுபிடிப்பான், அந்த வழியில் எனக்குச் சத்தம் கேட்காமல் போகலாம். அதனால் கேட்டதில்லை.

இங்கே வந்த அன்றைக்கே ஆணியில் ஆமையைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு நம் வாசல்தான் நினைவு வந்தது. விடுதிக்காரம்மா தூங்கட்டும் என்று மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கு எங்கே போனாலும் யாராவது ஒரு பொம்பளை நிம்மதியாகத் தூங்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உனக்கு வேறு மாதிரி எழுதினேன். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைத் திருப்பிப் போடுகிற பிள்ளை மாதிரி, வேறு விடை வருகிறதா என்று போட்டுப் போட்டுப் பார்த்தேன். தாழ்ப்பாள் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்ததா, எழுந்து வர மனசு வரவில்லை.

நீ பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபின் நேற்று மாலை ஒரு காரியம் செய்தேன். ஆமை வில்லையை ஆணியிலிருந்து எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்ததும் விடுதிக்காரம்மா வந்து ஆணிப்பலகை முன்னால் நின்றாள். காலி ஆணியைப் பார்த்தாள். என் மூடிய கையைப் பார்த்தாள். "டீச்சர்" என்றாள். நான், "ஒரு ஆணி காலியா இருக்கே" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் மணி அடித்தாள்.

எல்லோரும் வந்தார்கள். பலகைக்காரர் கையில் பிசினோடு வந்தார். சோற்றுக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். நெட்டை அறையில் இருந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு ஓடிவந்தாள். யாருக்காக என்று வரும்போது யாருக்கும் தெரியாது. கரையில் தெரிந்ததும் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. வரிசையாக நின்று விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். இங்கே வில்லையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவது. அத்தனை பேரும் ஆமை, ஆமை என்று கடலைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். நான் சின்னவனே என்று கூப்பிட்டேன். போன ஜூனில் கூப்பிட்டிருக்க வேண்டியது.

சொந்தக்காரர் போதும் என்று சொன்னால்தான் விளக்கைத் தாழ்த்துவார்கள். பலகைக்காரர் என் காதருகில் வந்து, "அவசரமில்ல டீச்சர், எங்களுக்குக் கை வலிக்கல" என்றார். வலித்துத்தான் இருக்கும். எல்லார் விளக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் மணி அடித்ததும் வகுப்பை முடித்தவள் நான். அந்த ஒரு சொல் வர வெகுநேரமாயிற்று. சொன்னேன்.

இன்று விடியலில் விழித்துக்கொண்டு கேட்டேன். தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை. கட்டில் கிறீச்சிடவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. விரிப்பும் சுத்தமாக இருந்தது. விடுதிக்காரம்மா துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆணி காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வில்லை என்னோடு வருகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி வந்ததும் புறப்படுகிறேன்.

வாசலில் கிடக்கும் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிடு. நான் வந்தால் என் செருப்பைக் கழற்றி விட இடம் வேண்டும்.

உன் அம்மா

ஏப்ரல் 17

அம்மாவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். அழுத்தம் இறங்கியிருக்கிறது. டாக்டர் தன் மாத்திரைதான் காரணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

செருப்பை எடுத்து அவன் அலமாரியில் வைத்துவிட்டேன். வாசலில் அது கிடந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. பெருக்க வருகிற அக்கா தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. உன் செருப்பு அதன்மேல் இருந்தால் தெரியாது.

உனக்கு அங்கே தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் போனதே, பன்னிரண்டாம் தேதி விடியலில், அதைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். அன்றைக்கு உன் கடிதம் எனக்கு வந்திருக்கவில்லை. நீ மணி அடிக்கச் சொன்னது எனக்குத் தெரியாது. வழக்கம்போலத் தூக்கம் வராமல் படுத்திருந்தேன். இவர் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் வீட்டில் இல்லை.

நம் பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மெதுவாக, யாரையும் எழுப்பக் கூடாது என்று தூக்கிப் போடுகிற மாதிரி.

நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை அம்மா. இவரையும் எழுப்பவில்லை. சரி, வந்துவிட்டான் என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

பையைக் கட்டு.

உன் மகள்